கடல் காத்த கப்பலை நாம் காப்பது எங்ஙனம்?



மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் கல்லடிப் பாலத்தையும் காத்தான்குடியையும் கடந்ததும் எங்கள் ஊராகிய ஆரையம்பதியை அடைவர். ஊருக்கு மேற்கே வாவி. கிழக்கே வங்கக் கடல். வாவியில் மீன் பாடும் என்று சொல்லி அதன் புகழை உலகமே அறியச் செய்துவிட்டோம். ஆனால், கிழக்கேயுள்ள கடலின் அடியில் கிடக்கும் ஒரு பெரும் பொருளைப் பற்றி நாம் பேசுவது குறைவு. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், சில கடல்மைல் தொலைவில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் போர்க்கப்பல் ஒருக்களித்துக் கிடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் வரலாற்றுப் பாடவேளை ஒன்றில் இக்கப்பலைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். கடற்கரையோரத்திலிருந்து பள்ளிக்கு வரும் சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தக் கப்பலை வெளிய எடுத்து மியூசியத்தில வைக்க ஏலாதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில், அக்கேள்விக்கு உரிய விடை அன்று என்னிடம் இருக்கவில்லை. அந்த விடையைத் தேடிக் கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் கப்பலின் கதையைக் கேளுங்கள். விமானங்கள் ஏறி இறங்குவதற்கென்றே முதன்முதல் வரைபடம் தீட்டிக் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் ஹேர்மிஸ். அதற்கு முன்பிருந்த விமானந்தாங்கிகள் வேறு பணிக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. பிரித்தானியர் 1918ஆம் ஆண்டில் இதற்கு அடித்தளமிட்டனர். 1919இல் நீரில் இறக்கினர். முழுவதும் முடிந்து கடற்படையிற் சேர 1924ஆம் ஆண்டாகிவிட்டது. அதற்குள் யப்பானியர் 'ஹோஷோ' என்னும் தமது விமானந்தாங்கியை முடித்துவிட்டனர். ஹேர்மிசின் நீளம் 600 அடி. எங்கள் பாடசாலை விளையாட்டு மைதானத்தில் அதனை நிறுத்துவதானால், மதிலை இடித்து வீதியையும் கடந்து நிறுத்தவேண்டியிருக்கும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. அத்தாக்குதல் வரும் என்றறிந்து, முன்னிரவிலேயே ஹேர்மிசும் அதற்குத் துணையாக 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு நீங்கித் தெற்கே சென்றன. ஆயினும், யப்பானிய வேவு விமானமொன்று அவற்றைக் கண்டுவிட்டது. அன்று ஹேர்மிசின் தட்டில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் சீனன்குடாவில் விடப்பட்டிருந்தன. வேண்டிய உதவியும் காலத்தில் வந்து சேரவில்லை. விமானங்களைத் தாங்குவதற்கென்றே பிறந்த கப்பல், தன்னைக் காக்க ஒரு விமானமும் இல்லாமல், பகைவரின் விமானந்தாங்கிகள் அனுப்பிய விமானங்களாலேயே அரைமணி நேரத்திற்குள் மூழ்கடிக்கப்பட்டது. கப்டன் றிச்சட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனோடு மாண்டனர். வம்பயரும் மூழ்கியது, அதன் தளபதியும் வேறு சிலரும் இறந்தனர். ஏறத்தாழ 600 பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டெடுத்தது. சிலர் நீந்தியே நம் கரையை அடைந்தனர்.

அது பங்குனி மாதத்தின் கடைசி. கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தன. வானம் தெளிந்திருக்க இடி இடித்ததுபோல் கிழக்கே ஓசை கேட்டதென்றும், புத்தாண்டுப் பலகாரத்துக்கு மாவிடித்துக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தனர் என்றும் என் பாட்டியார் சொல்வார். அன்று ஓசை கேட்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

இனி, சிறுவனின் கேள்விக்கு வருவோம். மூழ்கிய கப்பலை எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க இயலுமா? இதற்கு விடை கூறுமுன், நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

முன்பொருநாள் மீனவர் ஒருவர் வலையிற் சிக்கிய ஓர் இரும்புத் துண்டை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தார். முழங்கை நீளமிருக்கும். சுண்ணாம்பும் சிப்பியும் படிந்து, பெரிய மரவள்ளிக் கிழங்குபோலத் தோன்றியது. எந்தக் கப்பலைச் சேர்ந்தது என்று எவரும் அறியோம். நாங்கள் பெருமகிழ்ச்சியோடு அதனைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கண்ணாடி அலுமாரியில் வைத்தோம். உள்ளே திருகாணியின் புரிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. முதல் மாரி வந்தது. துண்டின்மேல் செந்நிற வியர்வைபோலத் துளிகள் அரும்பின. இரண்டாம் மாரி முடிந்தபோது அது ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. மூன்றாம் ஆண்டில் அலுமாரித் தட்டில் எஞ்சியது ஒரு கைப்பிடிச் செம்பொடியே. கடலில் நெடுங்காலம் நிலைத்த பொருள், எங்கள் அன்பான பாதுகாப்பில் மூன்றாண்டு நிலைக்கவில்லை.

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் கற்றவன் அல்லேன். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் சென்று காரணம் கேட்டேன். அவர் விளக்கியதை எளிய சொற்களில் கூறுகின்றேன்.

கடல்நீரில் கிடக்கும் இரும்பினுள் உப்பின் கூறாகிய குளோரைட்டு ஆழ ஊடுருவிவிடுகின்றது. நீருக்கடியில், சிப்பியும் சுண்ணமும் மூடிய நிலையில், உயிர்வாயு மிகுதியாகக் கிட்டாதபடியால் அரிப்பு மெதுவாகவே நடைபெறும். இரும்பை வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளிருக்கும் குளோரைட்டு இரும்போடு சேர்ந்து அமிலத் தன்மையை உண்டாக்கி அதனைத் துருவாக்குகின்றது. துருவாக்கியபின் அது அழிந்துபோவதில்லை. விடுபட்டு, அடுத்த இரும்பைப் பற்றுகின்றது. எவ்வளவு கட்டியும் முதல் குறையாத வட்டிக் கடன் போன்றது இது. துருவானது இரும்பைவிடப் பருமனில் மிகுந்ததாதலால், உள்ளிருந்து தள்ளிப் பொருளை ஏடேடாகப் பிளந்துவிடுகின்றது.

இதற்கு மருந்து யாது? எடுத்த பொருளை உலரவிடாமல் நீரிலேயே வைத்திருத்தல் முதற்படி. அடுத்து, சோடாக் காரம் போன்ற காரக் கரைசலில் அமிழ்த்தி, பல சமயங்களில் சிறிதளவு மின்னோட்டத்தையும் செலுத்தி, குளோரைட்டை மெல்ல மெல்ல வெளியேற்றவேண்டும். கரைசலை அடிக்கடி மாற்றவேண்டும். சிறிய பொருளுக்கு மாதங்கள் செல்லும். பீரங்கிக்கு ஆண்டுகள் செல்லும். பின்னர் நன்னீரில் அலசி, உலர்த்தி, மெழுகு முதலியன பூசி, ஈரமில்லாத பெட்டியில் வைக்கவேண்டும். நாங்களோ, மருந்து கொடுக்கவேண்டிய நோயாளியை வெயிலில் கிடத்திவிட்டோம்.

மரத்தின் நிலை வேறு. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு பெருகி வாழ்கின்றது. நீரில் நாட்டிய கம்புகள் சல்லடையாவதை நம் மீனவர்கள் நன்கறிவர். சேற்றில் ஆழப் புதைந்த மரமே புழுவுக்குத் தப்பும். அவ்வாறு தப்பிய மரத்தையும் நுண்ணுயிர்கள் சிறுகச் சிறுகத் தின்கின்றன. மரத்தின் நுண்ணறைகளின் சுவர் மெலிந்து, அங்கெல்லாம் நீர் நிறைகின்றது. வெளித்தோற்றம் கெடுவதில்லை, ஆனால் அதனைத் தாங்கி நிற்பது நீரே. வெட்டிய வாழைத்தண்டு முற்றத்தில் கிடந்து உலரும்போது சுருங்கிச் சப்பையாவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நீரூறிய கப்பல்மரமும் உலர்ந்தால் அவ்வாறே சுருங்கி வெடிக்கும். ஆகவே, உள்ளிருக்கும் நீரை மெல்ல நீக்கி, அவ்விடத்தில் நீங்காத வேறொரு பொருளை நிரப்பவேண்டும். பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் மெழுகு போன்ற பொருள் இதற்குப் பயன்படுகின்றது. நம் வீடுகளில் வழங்கும் பூச்சுமருந்துகளிலும் முகப்பூச்சுகளிலும் கலப்பதும் அதுவே.

இம்முறையால் காக்கப்பட்ட கப்பல்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது சுவீடன் நாட்டு 'வாஸா'. போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டிய 1628ஆம் ஆண்டில், ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் 64 பீரங்கிகளோடு இக்கப்பல் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அரசன் இட்ட கட்டளைப்படி பாரமான பீரங்கிகள் மேல்தட்டிலும் ஏற்றப்பட்டிருந்தன. கப்பலோ மேற்பாரம் மிக்கது. இடையில் அகலம் போதாதது. ஒரு மைல்தூரமும் செல்லுமுன் வீசிய காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாயில்கள் வழியே நீர் புக, துறைமுகத்திலேயே மக்கள் பார்த்திருக்க மூழ்கியது. முப்பதளவினர் இறந்தனர்.

அக்கப்பலைக் காத்தது பால்டிக் கடலின் இயல்பு. அக்கடலில் உப்புக் குறைவாதலால் கப்பற்புழு அங்கு வாழ்வதில்லை. 1956ஆம் ஆண்டில் அன்டர்ஸ் ஃபிரான்சென் என்பார் அதனைத் தேடிக் கண்டுபிடித்தார். நீர்மூழ்கு வீரர்கள் இருள் சூழ்ந்த சேற்றினுள்ளே கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்களைத் தோண்டி உருக்குக் கம்பிவடங்களைச் செலுத்தினர். 1959இல் கப்பலைச் சிறிது சிறிதாக உயர்த்தி ஆழங்குறைந்த இடத்திற்கு நகர்த்தினர். துருவேறி மறைந்த ஆணிகளின் துளைகளையெல்லாம் அடைத்தனர். 1961ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள், 333 ஆண்டுகளுக்குப் பின், வாஸா மீண்டும் வெளிச்சத்தைக் கண்டது.

எடுத்த நாளோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். மேற்கூறிய மெழுகுக் கரைசலை 1962 முதல் 1979 வரை, பதினேழு ஆண்டுகள், இடைவிடாது கப்பலின்மேல் தெளித்தனர். பின்னரும் உலர்த்தல் தொடர்ந்தது. 1990இல் அதற்கென்றே எழுப்பிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் புதியதொரு நோய் வெளிப்பட்டது. மரத்தில் ஊறியிருந்த கந்தகம் அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. இரும்பாணிகளின் துரு அதற்குத் துணைபோயிற்று. ஆயிரக்கணக்கான ஆணிகளைக் கழற்றித் துருவேறா உருக்கு ஆணிகளைப் பொருத்தினர். இன்றும் மண்டபத்தின் ஈரப்பதனையும் வெப்பத்தையும் இரவுபகலாக அளந்து ஒரே நிலையில் வைத்திருக்கின்றனர். குழந்தையைப் பெறுவது ஒருநாட் செயல்; வளர்ப்பது வாழ்நாட் செயல் அல்லவா?

இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலின் வரலாறும் இத்தகையதே. 1545ஆம் ஆண்டில் மூழ்கிய அது 1982இல் எடுக்கப்பட்டது. முதலிற் குளிர்ந்த நன்னீரும், 1994 முதல் மெழுகுக் கரைசலுமாக, 2013 வரை அதன்மீது தெளித்துக்கொண்டே இருந்தனர். கப்பலில் எஞ்சியது ஒரு பக்கத்தின் பெரும்பகுதியே. ஆயினும், அதனோடு கிடைத்த 19,000க்கும் மேற்பட்ட பொருள்கள், வில்லும் அம்பும் சீப்பும் காலணியும் மருத்துவரின் பெட்டியுமாக, அக்காலத்து மாலுமியின் வாழ்க்கையை நம் கண்முன் நிறுத்துகின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'அவொண்ஸ்ரர்' என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு காலித் துறைமுகத்தில் மூழ்கியது. கரைக்கு மிக அருகில், சில மீற்றர் ஆழத்தில் கிடந்த அதனை 2001 முதல் 2004 வரை நம் நாட்டுத் தொல்லியலாளர் நீரில் மூழ்கி ஆராய்ந்தனர். வெளிநாட்டு அறிஞர் துணைநின்றனர். நம் இளைஞர்களும் அவ்வித்தையைக் கற்றுத் தேர்ந்தனர். எடுத்த பொருள்களை நீர்த்தொட்டிகளில் இட்டு, ஆய்வுகூடத்தில் முறைப்படி பேணி வந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கடலோரத்திலிருந்த அவ்வாய்வுகூடம் அழிந்தது. மூன்றரை நூற்றாண்டாகக் கடல் வைத்திருந்து, மனிதன் முயன்று எடுத்த பொருள்களுட் பலவற்றைக் கடலே மீண்டும் கொண்டுபோயிற்று. அதே காலைப்பொழுதில் எங்கள் கரையோரத்திலும் வீடுகளையும் உயிர்களையும் இழந்தோம். ஆதலால், காலியில் நிகழ்ந்த அவ்விழப்பின் துயரம் எங்களுக்கு விளக்கமின்றியே விளங்கும். ஆயினும், மீட்கப்பட்டவை காலியின் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. கற்ற கல்வியும் அழியவில்லை.

இப்போது ஹேர்மிசுக்குத் திரும்புவோம். வாஸாவை எடுத்தவர்கள் இருக்க, ஹேர்மிசை எடுக்க ஏன் இயலாது? காரணங்கள் மூன்று.

முதலாவது, பருமனும் பொருளும். வாஸா மரக்கப்பல், ஹேர்மிஸ் பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட உருக்குக் கப்பல். அமெரிக்காவிலே 1864இல் மூழ்கிய 'ஹன்லி' என்னும் சிறு நீர்மூழ்கி 2000ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதன் நீளம் நாற்பது அடியளவே. அந்த நாற்பதடி இரும்பிலிருந்து உப்பை நீக்குவதற்கே முழுக்கலத்தையும் தொட்டியிலிட்டுப் பல்லாண்டு உழைக்கவேண்டியிருக்கின்றது. அறுநூறடிக் கப்பலுக்குத் தொட்டி எங்கே, காரக் கரைசல் எங்கே, காலம் எங்கே? எண்பதாண்டுக்கு மேலாக அரிக்கப்பட்டும் குண்டுகளால் பிளக்கப்பட்டும் கிடக்கும் உடல், தூக்கும்போதே நொறுங்கிவிடும். கப்பலைத் தூக்கும் ஆற்றல் நமக்கு இல்லையென்று கூறவில்லை. 1942ஆம் ஆண்டுத் தாக்குதலுக்கு இலக்காகித் திருகோணமலைத் துறைமுகத்தில் கிடந்த 'சகாயிங்' என்னும் கப்பலை நம் கடற்படையினர் 2018இல் மிதக்கச் செய்தனர். எனினும், அதனை மீண்டும் ஆழ்கடலிலேயே அமிழ்த்தினர். தூக்குதல் வேறு, காத்தல் வேறு.

இரண்டாவது, செலவு. மூழ்காத கப்பலைக் காப்பதே எவ்வளவு கடினம் என்பதை அயல்நாட்டிலே கண்டோம். 'ஹேர்மிஸ்' என்னும் அதே பெயரைத் தாங்கி 1959இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்த மற்றொரு விமானந்தாங்கி, 1987 முதல் 'விராட்' என்னும் பெயரோடு இந்தியக் கடற்படையில் முப்பதாண்டு உழைத்தது. 2017இல் ஓய்வுபெற்றபின் அதனை அருங்காட்சியகமாக்கும் திட்டங்கள் எழுந்தன, ஒன்றும் நிறைவேறவில்லை. 2020இல் குஜராத்தின் அலாங் கரையில் உடைப்பதற்காக ஏற்றப்பட்டது. அதற்கு முன் 'விக்ராந்த்' என்னும் கப்பலும் மும்பையிலே 2001 முதல் 2012 வரை அருங்காட்சியகமாக நின்று, பின்னர் 2014இல் பழைய இரும்பாக விலைபோயிற்று. நாள்தோறும் உப்புக்காற்றோடு போராடும் கப்பலுக்கு நாள்தோறும் பணம் வேண்டும்.

மூன்றாவது காரணமே தலையாயது. 307 பேரிற் பலரின் கல்லறை அக்கப்பல். அமெரிக்கர் பேர்ள் துறைமுகத்தில் 1941இல் மூழ்கிய 'அரிசோனா'வை எடுத்திருக்கலாம். துறைமுகத்திலேயே, ஆழமற்ற நீரிலேயே அது கிடக்கின்றது. அதனோடு இறந்த 1,177 பேரை நினைந்து அதனை அங்கேயே விட்டு, அதன்மேல் குறுக்காக ஒரு நினைவு மண்டபம் கட்டி 1962இல் திறந்துவைத்தனர். நம் வழக்கிலும் புதைத்த இடத்தைத் தோண்டுவார் உளரோ?

அப்படியானால், கப்பலை மறந்துவிடுவதா? இல்லை. எடுக்காமல் விடுவது வேறு. காவாமல் விடுவது வேறு. 1942இல் யாவாக் கடற்போரில் மூழ்கிய ஒல்லாந்துப் போர்க்கப்பல்களைப் பார்வையிட 2016இல் நீரில் இறங்கியவர்கள் கண்டது என்ன? கப்பல்கள் கிடந்த பள்ளங்களை மட்டுமே. பழைய இரும்புக்காகவும் பித்தளைக்காகவும் திருடர்கள் கப்பல்களையே துண்டு துண்டாக்கிக் கொண்டுபோயிருந்தனர். அவற்றிலும் இறந்தோரின் எலும்புகள் இருந்தன. அந்நிலை நம் கடலில் வரலாகாது.

நீரடிப் பண்பாட்டு மரபைக் காப்பதற்கென யுனெஸ்கோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. கிடந்த இடத்திலேயே காப்பதை முதல் வழியாகக் கருதவேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. நூறாண்டு நீரில் கிடந்தவற்றையே அது மரபுச் செல்வம் எனக் கொள்கின்றது. ஹேர்மிசுக்கு நூறாண்டு நிறைவது 2042இல். அதுவரை சட்டத்தை நோக்கிக் காத்திராமல், அதன் அயலில் வாழும் நாம் காவலராதல் வேண்டும்.

அருங்காட்சியகத்தில் வைப்பதற்குக் கப்பலே வேண்டும் என்பதில்லை. மட்டக்களப்பிலே ஓர் அறை போதும். கப்பலின் அளவான சிறு மாதிரி ஒன்று. கடலடியில் எடுத்த ஒளிப்படங்கள். கப்பல் கிடக்கும் நிலையைக் காட்டும் வரைபடம். இறந்தோர் அனைவரின் பெயர்கள். அக்காலை வேளையைக் கண்ட, கேட்ட நம் முதியோரின் வாய்மொழிகள், அவர்களுடைய குரலிலேயே. இக்கடைசிப் பொருளைக் கடல் காத்துத் தராது. இரும்புக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கலாம். முதியோர் நினைவுக்கு இல்லை. முன்பு சென்னைக் கரையில் குண்டுவீசிய 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பலை எண்ணிப் பாருங்கள். 1914ஆம் ஆண்டிலேயே அது அழிந்துவிட்டது. ஆனால், வல்லாளனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு தமிழில் இன்றும் இருக்கின்றது. ஒரு சொல்லே ஒரு கப்பலைக் காத்துவிட்டது. நம் கரையோரம் மூழ்கிய ஹேர்மிசுக்கு நம் மொழியில் அத்தகைய ஒரு சொல்லேனும் உண்டா?

மீன்பிடிக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடலடியில் மீன் கூடும் பாறைத் திடலை நீங்கள் 'பார்' என்பீர்கள். மூழ்கிய கப்பலும் ஒரு பாரே. பவளமும் மீனும் அதனை வீடாக்கிக்கொண்டுள்ளன. அங்கே வெடி வைத்தல் கப்பலையும் கெடுக்கும், மீனையும் கெடுக்கும். வெடியாத பழைய குண்டு அருகிலிருந்தால் வைத்தவரையும் கெடுக்கும். கடலடியிற் கிடப்பதை வேண்டுமென்று எடுக்காதீர்கள். வலையில் தானாக ஏதேனும் வந்தால், குண்டுபோலத் தோன்றுவதைத் தொடாமல் கடற்படையினருக்கு அறிவியுங்கள். வேறு பொருளாயின், சுரண்டாதீர்கள், உலர்த்தாதீர்கள், வாளியில் நீரிட்டு அதனுள் வைத்து, தொல்பொருள் திணைக்களத்தாருக்குச் சொல்லியனுப்புங்கள். ஒரு வாளித் தண்ணீர் இருந்திருந்தால், எங்கள் பாடசாலையின் இரும்புத் துண்டு இன்றும் இருந்திருக்கும்.

அந்தச் செம்பொடியை நான் எறிந்துவிடவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு அதே அலுமாரியில் வைத்திருக்கிறேன். 'அறியாமையாற் கெட்டது' என்று அதன்மேல் எழுதி ஒட்டியுள்ளேன். புதிய மாணவர்கள் அது யாதென்று கேட்கும்போது இக்கதையைச் சொல்வேன். கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் இப்போது பாடசாலையை விட்டுத் தந்தையோடு கடலுக்குப் போகின்றான். அண்மையில் ஒரு மாலை கடற்கரையில் கண்டபோது, "சேர், அந்தக் கப்பலுக்கு மேலால போகக்குள்ள எஞ்சினை மெல்லமா விடுறனான்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.